அடுத்து அங்கதான்

ஆவணி மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, பதினான்கு வீடுகள் உள்ள மில் சுவர்த் தெருவில், முதல் வீட்டுக்காரரான வேலாயுதம் தன் இளைய மகளின் கல்யாணப் பத்திரிகைகளைத் தாம்பாளத்தில் அடுக்கிக்கொண்டு படி இறங்கினார். பின்னால் குங்குமச் சிமிழோடு அவர் மனைவி உலகம்மாள் இறங்கினாள். அவளுக்குப் பின்னால், மிச்சப் பத்திரிகைகளைத் தூக்கிக்கொண்டு கல்யாணப் பெண்ணான சண்முகவடிவே இறங்கினாள். பெண் கூடப் போகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது, ஆனால் தூக்குவதற்கு வேறு ஆளும் கிடையாது. மத்தியானத்துக்குள் தெரு முடிந்துவிடும், வெளியூர்க்காரர்களுக்குத் தபாலில் போட்டுவிடலாம் என்பதுதான் திட்டம்.

கோவில்பட்டியில் அந்தத் தெரு ஒரு மாவு மில்லில் தொடங்கி, மூடிக் கிடக்கும் ஒரு நூல் மில்லின் காம்பவுண்டுச் சுவரில் முட்டி நிற்கும். அதற்கு மேல் போக வழி இல்லை. ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனையில் முடிவது என்பதால் வடிவுக்கு அந்தத் தெரு சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அவள் பார்க்கிற வேலையும் ஏறக்குறைய அதுதான். ஒரு தொகுப்பில் கிடக்கிற பொருட்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். தொட்டதை அதற்குரிய முறையைச் சொல்லி அழைக்க வேண்டும். அடுத்தது இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால் அங்கே போக வேண்டும், இல்லையென்றால் நிறுத்திக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். அவள் கல்லூரியில் பாடம் எடுத்தவர் புத்தகத்தில் மெத்தட் என்று இருக்கும் அந்த அழைப்பைத் தமிழில் முறை என்றே சொல்லுவார், அதைக் கேட்டு வகுப்பே சிரித்தது, ஏனென்றால் அந்த ஊர்ப்பக்கத்தில் முறை என்றால் யார் யாருக்கு என்ன உறவு என்பது.

கல்யாணம் ஆவணி இருபத்தேழு. இருபத்தைந்தாம் தேதி காலையில் பந்தக்கால். பந்தக்கால் நட்ட பிறகு வீட்டார் படியிறங்கிப் போய் யாரையும் அழைக்கக் கூடாது, அழைப்பு முடியாமல் பந்தக்காலும் நடக்கூடாது என்பது வேலாயுதத்தின் குடும்ப வழக்கம். ஆவணி தப்பினால் புரட்டாசி. புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. ஐப்பசிவரை காத்திருக்க மாப்பிள்ளை கதிரேசனின் அம்மா தயாராக இல்லை. வடிவுக்கு முப்பத்தொரு வயது, கதிரேசனோடு ஒரே அலுவலகத்தில் ஆறு வருஷம், அந்த அம்மாவைச் சம்மதிக்க வைத்ததே அதில் நாலு வருஷம். "ஆவணியில நடந்தா நடக்கட்டும், இல்லைன்னா அது நடக்க வேண்டாம்னு இருக்குன்னு எடுத்துக்கிடுவேன்" என்று தூத்துக்குடியிலிருந்து போனில் சொல்லிவிட்டிருந்தாள், கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பதினான்காவது வீட்டில் பட்டு மதினி பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மஞ்சள் தடவிய ஓரத்தை ஆராய்ந்துவிட்டு, எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"ஏன் அண்ணாச்சி, சாத்தூர் முத்துலட்சுமிக்கு வச்சாச்சா?"

வைக்கவில்லை. வைக்கிற எண்ணமும் இல்லை, முத்துலட்சுமி தபால் கணக்கில் இருந்தாள். ஆனால் இந்தக் கேள்விக்கு அந்தப் பக்கத்தில் ஒரே பதில்தான் உண்டு, அது பொய் என்று கேட்கிறவருக்கும் தெரியும், சொல்லுகிறவருக்கும் தெரியும், இரண்டு பேரும் மரியாதையாகப் பிரிந்து போவதற்கு அது போதும். கூட்டுறவுப் பண்டகசாலையில் முப்பத்திரண்டு வருஷம் நிறுத்துப் போட்டு, ஒரு நாளும் ஒருவரிடமும் இல்லை என்ற வார்த்தையைச் சொல்லாமல், இருப்பு இல்லாத சீனிக்குக்கூட "நாளைக்கு வந்துரும்" என்றே சொல்லி ஓய்வு பெற்ற வேலாயுதத்துக்கு அந்தப் பதிலைச் சொல்ல யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

"அடுத்து அங்கதான் போறோம் மதினி."

வெளியே வந்தபோது பட்டு மதினி வீட்டுக்கு அடுத்து சாத்தூர் முத்துலட்சுமியின் வீடு நின்றது. பச்சைச் சாயம் போன கிரில், வாசல் முருங்கை மரம், மாடியில் காய்ந்துகொண்டிருந்த வற்றல் எல்லாம் அப்படியே இருந்தன. மில் சுவர் அந்த வீட்டுக்கு வேண்டிய அளவு பின்னால் போய் மறுபடியும் முட்டி நின்றது. முத்துலட்சுமி கிரில்லைத் திறந்துகொண்டு நின்றாள்.

"வாங்கண்ணே. அடுத்து இங்கதான்னு சொன்னீங்களாம். வாசல் தெளிக்கக்கூட நேரம் இல்லை."

உலகம்மாள் சிமிழைத் திறந்தாள். என்ன செய்வது, வந்த வீட்டுக்குக் குங்குமம் கொடுக்காமல் எப்படி. காப்பி வந்தது, முறுக்கு வந்தது, முத்துலட்சுமியின் புருஷன் சட்டை பொத்தான் போட்டுக்கொண்டே வந்து, சாத்தூருக்கு இங்கேயிருந்து எத்தனை மணிக்கு பஸ் என்று விசாரித்தார், அவருக்குச் சாத்தூரில் பஜாரில் கடை. எழுந்திருக்கிற நேரத்தில் முத்துலட்சுமி, "ஆமா, விளாத்திகுளத்து அத்தானுக்கு வச்சாச்சா?" என்றாள்.

"அடுத்து அங்கதான்" என்றார் வேலாயுதம்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெருவில் பத்தொன்பது வீடுகள் ஆயின.

இதில் தெரு ஆச்சரியப்பட்டதாகச் சொல்ல முடியாது, சிரமப்பட்டது. பால்காரர் சைக்கிளில் இன்னொரு கேன் கட்டிக்கொண்டார். மின்வாரியத்திலிருந்து வந்தவர் புது மீட்டர்களைப் பார்த்து, இந்த எண்கள் எல்லாம் வேறு வேறு ஊருடையவை, ரீடிங் எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டு, முருங்கைக்காய் நாலு வாங்கிக்கொண்டு போனார். வார்டு கவுன்சிலர் வந்து வீடு வீடாகக் கும்பிட்டார், வந்தவர்களின் ஓட்டு எந்த வார்டில் என்பதில் மட்டும் அவருக்குக் கவலை இருந்தது. விளாத்திகுளத்து அத்தான் வீட்டுத் தொழுவத்தோடு வந்திருந்ததால் தெருவுக்கு இரண்டு எருமைகள் கூடின, அவற்றின் சாணத்தை யார் அள்ளுவது என்பதில் ஒரு சண்டை நடந்து ஓய்ந்தது. வந்தவர்கள் யாரும் எப்படி வந்தோம் என்று கேட்கவில்லை. தாமதமாக வந்தோமே என்றுதான் குறைப்பட்டார்கள். "பதினாறாவது வீடு எனக்கு, பதினஞ்சு முத்துலட்சுமிக்கு. அவ எனக்கு இளையவ, முறைப்படி யாருக்கு முதல்ல வைக்கணும்" என்று அத்தானின் மனைவி கேட்டாள், வேலாயுதம் மன்னிப்புக் கேட்டார், கேட்டுவிட்டு அவள் கேட்ட அடுத்த கேள்விக்கும் அடுத்து அங்கதான் என்று சொன்னார்.

பத்து நாளில் வடிவு, காப்பி வந்தாலே டம்ளரை அம்மா பக்கம் நகர்த்த ஆரம்பித்தாள்.

"அப்பா, கொஞ்சம் கேளுங்க" என்றாள் ஒரு நாள் காலை, அவர் தாம்பாளத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே. "ஒரு வரிசையில ஒவ்வொண்ணா போய்க்கிட்டு இருக்கும்போது அந்த வரிசையில புதுசா எதையும் சேர்க்கக் கூடாது. எங்க வேலையில முதல் பாடமே இதுதான். சேர்த்தா புரோகிராம் அங்கேயே நின்னு தப்புன்னு சொல்லிரும்."

"நல்ல புரோகிராம்தான்" என்றார் வேலாயுதம்.

"அதுக்கு இருக்கிற மானம் நமக்கு இல்லை. நாம நிக்காம போய்க்கிட்டே இருக்கோம்."

"அதுக்கு என்னம்மா செய்யச் சொல்லுதே?"

"இன்னைக்கு இருக்கிற வீடுகளை மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க. அதை முடிப்போம். நடுவுல எது முளைச்சாலும் திரும்பிப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு வீடும் நமக்கு ஒரு பொருள், அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்குன்னு நமக்குத் தெரிய வேண்டாம். வாசல்ல நின்னு ஒரே வார்த்தை சொல்லணும், அதுக்கு அது அதோட வழியில பதில் சொல்லும், நாம நகர்ந்துரணும்."

"வீட்டைப் போய்ப் பொருளுங்கா" என்றாள் உலகம்மாள் அடுப்படியிலிருந்து. "உள்ள போகாம வந்தா கல்யாணத்தன்னைக்கு வாசல்லயே நின்னுட்டுப் போயிருவாங்க, பாத்துக்கோ."

இருந்தாலும் அன்றைக்கு அப்படித்தான் கிளம்பினார்கள். முளைத்த வீட்டைத் தாண்டி மூன்று அடி வைத்திருப்பார்கள். "என்ன வேலாயுதம், கண்ணாடி மாத்தணுமோ?" என்று கிரில்லுக்குள்ளிருந்து குரல் வந்தது, அவர் திரும்பிவிட்டார்.

பின்னாலிருந்து முன்னால் போய்ப் பார்க்கலாம் என்று வடிவு சொன்னாள், அவள் வேலையில் சில சிக்கலுக்கு அது வழி. கடைசி வீட்டில் தொடங்கினார்கள். அன்றைக்கு முளைத்த வீடு மில் சுவர்ப் பக்கம் முளைக்காமல் வேலாயுதத்தின் வீட்டுக்கும் இரண்டாவது வீட்டுக்கும் நடுவில் முளைத்தது, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் யாருடையது என்று புதிதாக வழக்குப் பேச வேண்டியதாயிற்று. தொண்டை கட்டிக்கொண்டதாகச் சொல்லிப் பேசாமல் இருங்கள் என்று அடுத்த யோசனை. வேலாயுதம் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு போனார், ராஜபாளையத்துச் சித்திக்கு வச்சாச்சா என்று கேட்டார்கள், தலையை மட்டும் ஆட்டினார். ராஜபாளையத்துச் சித்தியின் வீடு வந்தது, மற்ற வீடுகளைவிடக் கொஞ்சம் சின்னதாக, தலையாட்டலுக்கு ஏற்ற அளவில்.

"இல்லைன்னு சொல்லுங்கப்பா. ஒரே ஒரு தடவை. வைக்கலைன்னு சொல்லுங்க. வரிசை அங்கேயே முடிஞ்சுரும்."

"மூஞ்சிக்கு நேரா எப்படிம்மா சொல்லுவேன்."

"பொய் மட்டும் மூஞ்சிக்கு நேரா சொல்லலாமோ."

"அது பொய் இல்லைம்மா. மரியாதை."

கதிரேசன் ராத்திரி போன் பண்ணுவான். "எத்தனை வீடு பாக்கி?" என்பான். "ஒண்ணு" என்பாள் வடிவு. எப்போது கேட்டாலும் பாக்கி ஒன்றுதான். முதல் வாரம் அவன் சிரித்தான், இரண்டாவது வாரம் சிரிக்கவில்லை, மூன்றாவது வாரம், "அம்மா மண்டபத்துல அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கலாமான்னு விசாரிக்கிறா" என்றான்.

பந்தக்காலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர்கள் நின்றது ஆவுடையம்மாள் பெரியம்மா வீட்டில். பம்பாயில் தாராவியில் முப்பது வருஷமாக இருக்கிறவள். அவள் வீடு ஒற்றை அறைதான், ஆனால் பம்பாய் மழையோடு வந்திருந்தது, கூரையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. பெரியம்மாவுக்கு ஊர் நடப்பு எதுவும் தெரியாது, ஊரை விட்டுப் போனபோது யார் யார் இருந்தார்களோ அவர்களையெல்லாம் அப்படியே மனதில் வைத்திருந்தாள். குங்குமம் எடுத்துக்கொண்டு, பிரியமாக வடிவின் தாடையைத் தொட்டுவிட்டுக் கேட்டாள்.

"உன் அக்கா எங்க இருக்கா? மூத்தவ, செண்பகம். அவளுக்கு வச்சாச்சா?"

செண்பகவல்லி எட்டு வருஷத்துக்கு முன்னால் பொன்ராஜ் என்பவனைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டவள். பொன்ராஜ் வேறு ஆட்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் பெயர் சொல்லப்பட்டதில்லை, தெருவில் யாரும் கேட்டதும் இல்லை. இத்தனை வாரமாக, இத்தனை வீட்டில், ஒன்றுவிட்ட கொழுந்தனின் சகலை வரைக்கும் விசாரித்தவர்கள் ஒருவரும் அவளுக்கு வச்சாச்சா என்று விசாரிக்கவில்லை.

வேலாயுதம் வாயைத் திறக்கவில்லை. தலையையும் ஆட்டவில்லை. உலகம்மாள் சிமிழை மூடினாள், மூடியதை மறுபடியும் மூடினாள். பெரியம்மா, அவருக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பிறகு மறந்துபோய், மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். வெளியே வந்து பார்த்தபோது மில் சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது.

"முடிஞ்சுது" என்றாள் உலகம்மாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்ததா என்று வடிவுக்குச் சொல்லத் தெரியவில்லை. "நாளைக்குக் காலையில பந்தக்கால். நீ கதிரேசனுக்குப் போன் போட்டுச் சொல்லு."

வடிவு போனைக் கையில் எடுத்தாள். மூன்று வாரமாக அவள் கெஞ்சியது இதற்குத்தான். அப்பா அடுத்தது என்று சொல்லாமல் இருந்துவிட்டார், வரிசை முடிந்துவிட்டது, அவள் கல்யாணம் நடக்கப்போகிறது. எண்ணைப் போடப் போனவளுக்கு, சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் எரிச்சல் வந்தது, அதுவும் சாதாரண எரிச்சல் இல்லை, இத்தனை நாள் குடித்த காப்பி எல்லாம் மேலே வருகிற மாதிரியான எரிச்சல். முகம்கூட ஞாபகம் இல்லாத ராஜபாளையத்துச் சித்திக்கு மனசு நோகுமே என்று தெருவையே நீட்டிய மனுஷன். எருமை மாட்டுக்காரர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்ட மனுஷன். இந்த ஒரு பெயருக்கு மட்டும் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்திருக்கிறது அவருக்கு. இல்லை என்று சொல்லத் தெரியாதவர் என்று ஊரே அவரைச் சொல்லும், அவர் எட்டு வருஷமாக அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

போனை வைத்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல், ஆவுடையம்மாள் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். பெரியம்மா வாளியை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, அப்போ கேட்டீங்கல்லா, அக்காவுக்கு வச்சாச்சான்னு. அடுத்து அங்கதான் போறோம்."

செண்பகத்தின் வீடு வாடகை வீடு, அதுவும் மாடிப் போர்ஷன். ஆகையால் மாடி மட்டும்தான் வந்தது. கீழே ஒன்றும் இல்லாமல், பத்தடி உயரத்தில் இரண்டு அறையும் ஒரு பால்கனியும் நின்றன, பக்கவாட்டுப் படிக்கட்டு மட்டும் தரைவரை இறங்கியிருந்தது. வீட்டு உரிமையாளர் ஓசூரிலிருந்து போன் பண்ணி, மொட்டை மாடியில் மழைத் தண்ணீர் தேங்குகிறது, எப்போது திருப்பி வைப்பீர்கள் என்று பொன்ராஜிடம் கேட்டுக்கொண்டிருந்தார். செண்பகம் பால்கனியில் இடுப்பில் குழந்தையோடு நின்றுகொண்டு, தான் பிறந்த தெருவைப் பார்த்து, "இவ்வளவு நீளமாவா இருந்துச்சு இது?" என்றாள்.

வேலாயுதம் தன் வாசலில் நின்றார். வர மாட்டார் என்று வடிவு நினைத்தாள். ஆனால் ஆவுடையம்மாள் ஈரக் கையோடு வாசலில் நின்று, தெரு முழுக்கக் கேட்கிற பம்பாய்க் குரலில், "வேலாயுதம், மூத்தவ வீடு வந்துட்டு. போகலையா?" என்றாள். அவரால் எட்டு வருஷம் மகளோடு பேசாமல் இருக்க முடிந்தது. நாலு பேர் பார்க்க ஒரு வீட்டைத் தாண்டிப் போக அவரால் முடியாது. தாம்பாளத்தை எடுத்தார்.

மேலே யாரும் அழவில்லை. உட்கார நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதில் அவரை உட்கார வைத்தார்கள். பத்திரிகையைக் கொடுத்து, எல்லா வீட்டிலும் சொன்னதையே சொன்னார்: "அவசியம் எல்லாரும் வந்துரணும்." செண்பகம் பெயரைப் படித்தாள், தங்கை பெயரின்மேல் விரலை வைத்தாள்.

"வேற யாருக்காவது வைக்கணுமாக்கா?" என்று வடிவு கேட்டாள். பயந்துகொண்டேதான் கேட்டாள்.

"எனக்கு யாருட்டி இருக்கா சொல்லுதுக்கு" என்றாள் செண்பகம்.

வடிவு படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். அப்போது பொன்ராஜ் அடுப்படியிலிருந்து டம்ளர்களோடு வந்தான். அவன் குத்தலாகக் கேட்கவில்லை, மாமனார் வீட்டுக்கு முதல் தடவை வந்திருக்கிறார், பேச ஏதாவது வேண்டும், இந்தப் பக்கத்தில் எல்லோரும் கேட்பதைத்தான் அவனும் கேட்டான்.

"எங்க அம்மாவுக்கு வச்சாச்சா மாமா?"

வேலாயுதத்தின் வாய் முந்திக்கொண்டது. முப்பத்திரண்டு வருஷப் பண்டகசாலை வாய் அது, யோசிக்கிறதுக்கு முன்னால் அது சொல்லிவிட்டது. "அடுத்து அங்கதான்."

வடிவு படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். கீழே மில் சுவர் நகர்கிற சத்தம் கேட்டது.

பொன்ராஜின் அம்மா மாரித்தாயின் வீடு ஓட்டு வீடு, புதிதாக வெள்ளையடித்தது. அவளும் ஆச்சரியப்படவில்லை. வாசலுக்கு வந்து நின்று, வந்தவர்களைப் பார்த்து, உள்ளே கூப்பிடவா வேண்டாமா என்று ஒரு கணம் நின்று, பிறகு, "வாங்க சம்பந்தி" என்றாள். அந்த வார்த்தை தெருவின் அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும் போனது, கிரில்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

வீடுகள் நடந்து வந்ததை ஒரு பேச்சு பேசாமல் ஏற்றுக்கொண்ட தெரு அது. அந்தரத்தில் நின்ற மாடியின் கீழே விளாத்திகுளத்து அத்தான் அதற்குள் எருமைகளைக் கட்டியிருந்தார். ஆனால் இந்த ஓட்டு வீட்டைப் பார்த்து, சாத்தூர் முத்துலட்சுமி முதல் தடவையாக, "இது எப்படி இங்க வந்துச்சு?" என்று கேட்டாள். பின்னாலேயே எல்லோரும் அதைக் கேட்டார்கள்.

உள்ளே வேலாயுதம் பத்திரிகையை நீட்டினார். மாரித்தாய் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"எங்க பக்கம் வேற யாருக்கும் வைக்க வேண்டாம்யா" என்றாள், அவர் கேட்காமலே. "வச்சா வந்துருவாங்க. வந்தா பந்தியில எங்க உக்கார வைப்பீங்கன்னு அப்புறம் உங்களுக்குத்தான் சங்கடம். நான்கூட முகம் காட்டிட்டு வந்துருவேன், சாப்பிடணும்னு இல்லை."

அந்த மூன்று வாரத்தில் அந்தத் தெருவில் வைக்க வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். அதைக் கேட்டு வேலாயுதம் கூச்சப்பட்டுப்போனார். கூச்சப்பட்டால் அவருக்கு என்ன வருமோ அது வந்தது. தன் வாயில் வருகிற மரியாதைப் பொய்கள் எல்லாம் இந்த மாதம் நடந்துவிடுகின்றன என்பதை மறந்துபோய், "அப்படிச் சொல்லாதீங்கம்மா. எல்லாரும் உக்காருத இடத்துலதான் நீங்களும். முதல் பந்தியில" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் அதைக் கேட்டார்கள். சொன்னது பொய்தானே என்று ஆறுதல் பட்டுக்கொள்ள அவர்களால் முடியவில்லை, அவர்கள் வீடுகளே அந்த வாயால் வந்தவை.

"இது முறையில்லை வேலாயுதம்" என்று விளாத்திகுளத்து அத்தான் வாசலில் நின்று சொன்னார், அவர் வெளியே வந்ததும். "பொண்ணைக் கூப்பிட்ட, சரி, பெத்த பாசம். சம்பந்திங்கிற முறை எங்கேயிருந்து வந்துச்சு? அவங்க முதல் பந்தியில உக்காந்தா நாங்க எந்தப் பந்தியில உக்காருறது?"

"ரெண்டாவதுல உக்காருங்க" என்றாள் வடிவு.

"நீ பேசாதம்மா. அப்பா சொல்லட்டும்."

"அப்பா என்ன சொல்லணும் மாமா?"

"மூணு வாரமா உங்க தெருவுல சாணி அள்ளுதேன், எங்களுக்கு வைக்க வந்த பத்திரிகைக்காக. ஒரே ஒரு வார்த்தை. அந்த வீட்டுக்கு இல்லைன்னு சொல்லச் சொல்லு, நாங்க எல்லாரும் இருக்கோம். சொல்லலைன்னா போறோம்."

வடிவு கணக்குப் போட்டாள். நாளைக்குக் காலை பந்தக்கால். உறவு முழுக்க எழுந்து போய்விட்டால் தூத்துக்குடிக்காரி என்ன நினைப்பாள் என்று தெரியவில்லை. இல்லை என்று சொல்லுங்கள் என்று மூன்று வாரமாக அப்பாவைப் பிடித்து உலுக்கியவள் அவள்தான், இப்போது அதையேதான் அத்தானும் கேட்கிறார். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வேலாயுதம் உதட்டை நனைத்துக்கொண்டார். மகளையும் பார்க்கவில்லை, அத்தானையும் பார்க்கவில்லை, கையிலிருந்த தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு, மிகவும் தணிந்த குரலில், "மூஞ்சிக்கு நேரா எப்படி அத்தான் சொல்லுவேன்" என்றார்.

அதில் வீரம் ஒன்றும் இல்லை. அவரால் முடியாது, அவ்வளவுதான். ஆனாலும் வடிவு, அன்றைக்குத்தான் முதல் தடவையாக, அவர் கையிலிருந்து தாம்பாளத்தை வாங்கி வைத்துக்கொண்டாள்.

முதலில் அத்தான் வீடு போயிற்று, எருமைகள் போயின. பிறகு முத்துலட்சுமியின் வீடு போனது, முருங்கை மரத்தின் ஒரு கிளை மட்டும் பட்டு மதினியின் வீட்டு ஒயரில் சிக்கிக்கொண்டு நின்றது. சித்தி வீடு சின்னது, சத்தமில்லாமல் போயிற்று. ஆவுடையம்மாளுக்கு எதுவும் புரியவில்லை, பந்தியெல்லாம் அவளுக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் பேரனுக்குப் பம்பாயில் பள்ளிக்கூடம் இருந்தது, மழையையும் எடுத்துக்கொண்டு அவளும் போனாள். ஒவ்வொரு வீடு போகும்போதும் மில் சுவர் ஒரு வீட்டளவு முன்னால் வந்தது, வந்து வந்து, கடைசியில் பட்டு மதினி வீட்டுக்கு அடுத்து அந்தரத்து மாடியும் அதற்கு அடுத்து ஓட்டு வீடும் மட்டும் நிற்க, அதில் முட்டி நின்றது. பட்டு மதினி கதவைச் சாத்திக்கொண்டாள்.

அழைக்க ஆள் இல்லாமல் போனதால் அழைப்பு முடிந்தது. வடிவு கதிரேசனுக்குப் போன் போட்டாள். எத்தனை வீடு பாக்கி என்று கேட்டான். "ஒண்ணும் இல்லை. எல்லாரும் போயிட்டாங்க" என்றாள். அவனுக்குப் பின்னால் டிவி சத்தமும் அம்மாவின் குரலும் கேட்டன. "அம்மா ஒண்ணே ஒண்ணு கேட்கச் சொல்றா" என்றான். "பந்தக்கால் நாளைக்கு உண்டா, இல்லையான்னு." உண்டு என்றாள். "சரி, அப்போ சமையல்காரர்கிட்ட சொல்லிரலாம்" என்றான்.

பந்தக்கால் நட ஆள் போதவில்லை. ஒரு பக்கம் வேலாயுதமும் மறுபக்கம் பொன்ராஜும் பிடித்தார்கள், பேசிக்கொள்ளவில்லை, நேராக இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை கேட்டுக்கொண்டார்கள்.

ஆவணி இருபத்தேழாம் தேதி கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது. முதல் பந்தியில் மாரித்தாய் உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் இலை போட்டுவிட்டு ஆள் வருமா என்று பரிமாறுகிறவர்கள் காத்திருந்தார்கள், ஒரு பக்கம் உலகம்மாள் வந்து உட்கார்ந்தாள், மறுபக்கம், யார் என்ன என்று தெரியாமலோ தெரிந்தேயோ, பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டு கதிரேசனின் அம்மா உட்கார்ந்தாள். பாயசம் மிஞ்சியது.

அடுத்த வருஷம், 2019 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, செண்பகவல்லியின் மகளுக்கு மில் சுவர்த் தெருவில் காது குத்தினார்கள். மாரித்தாய் நேரில் போய் அழைத்த பதினான்கு வீடுகளில் ஒன்பது வீட்டார் வந்தார்கள், ஐந்து வீட்டார் வரவில்லை. தாய்மாமன் இல்லாத காரணத்தால் குழந்தையை வேலாயுதத்தின் மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள்.